ஒரு லிட்டர்

செவ்வாய், வியாழன், சனி.
காலை ஆறரை மணி வினிப்பெக்கில்
மைனஸ் முப்பத்தொன்று.
பூட்ஸைக் கழற்றிவிட்டு இடது கையை நீட்டுகிறேன்.
மரிபெல் இரண்டு ஊசியையும் ஏற்றி முடிக்கவில்லை,
பக்கத்து நாற்காலியிலிருந்து டோரீன்:
"பார்த்தாச்சா?"

குசலம் விசாரிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது.
பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்பது அநாகரிகம்.
நாலு மணி நேரம்
ரத்தம் வெளியே போய் ஊர் சுற்றிவிட்டு வரும்.
அதற்குள் பேசி முடிக்க வேண்டும்,
எதைப் பார்க்கலாம், எதை விடலாம்,
எதை முதல் பருவத்தோடு நிறுத்திக்கொண்டால்
உடம்புக்கு நல்லது.

டோரீனுக்கு அயர்லாந்து இலாகா.
மழை, கடன், மறுபடி மழை.
பாதிரியாரின் கழுதை தொலைந்துபோகும்.
ஒரு வேலிக்காக அண்ணனும் தம்பியும்
இருபது வருஷம் பேசமாட்டார்கள்.
எங்கள் அப்பாவும் சித்தப்பாவும்
ஒரு கிணற்றுக்காக, என்றேன்.
"அப்படியானால் நீ அழுவாய்" என்றாள்.
அழவில்லை.
வேலி யாருடையது என்றுதான்
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எதிரே பெட்ரோ. சரக்கு ரயில் ஓட்டியவர்.
கொலை மட்டும்தான் பார்ப்பார்,
அதுவும் இங்கிலாந்தில் நடந்தால்.
"மற்றவன் இருபத்திரண்டு வாரம் இழுப்பான்.
இவர்கள் ஆறே பாகம்.
நமக்கு ஆறு தோது" என்பார்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
ஆளுக்கொரு மெஷினைப் பார்ப்போம்.

என் சிபாரிசு ஒன்றே ஒன்று:
சப்டைட்டில் போடுங்கள்.
முதலில் சிரித்தார்கள்.
வடக்கு இங்கிலாந்து வாய்க்குள்
ஆங்கிலம் வேகாத கடலையாய் உருள்வதைக் கேட்டபிறகு
எந்தப் பொத்தான் என்று
டோரீன் மெல்லக் கேட்டாள்.
அடுத்து ஒரு முழுநீள ஐரிஷ் மொழிப் படம்.
"என் பூட்டனின் பாஷை.
எனக்கு ஒரு சொல் தெரியாது."
அன்று மூன்று பேரும் கீழேதான் படித்தோம்.
நான்தான் வேகம்.
முப்பது வருஷப் பழக்கம்.

இனி தேநீர் விஷயம்.
எங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர்,
மாத்திரை விழுங்குவதும், ரசமும், பல் கொப்பளிப்பில்
தவறி இறங்குவதும் சேர்த்து.
இவர்களோ
பிணம் கிடந்தால் கெட்டில் வைக்கிறார்கள்.
புருஷன் ஓடிப்போனால் கெட்டில்.
ஊற்றுகிறார்கள், ஆவி எழும்புகிறது,
ஒரு வாய் குடிக்காமல்
கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள்.
"குடிச்சிட்டுப் போடா பாவி!"
தமிழில் கத்தியிருக்கிறேன்.

ஆகவே நட்சத்திரமெல்லாம் எங்களிடம் செல்லாது.
இரண்டு கெட்டில் என்றால் தைரியமாகப் பார்க்கலாம்.
ஏழு என்றால் வாரநாளில் மட்டும்.
சனி முடிந்து செவ்வாய் வரைக்கும் நீண்ட இடைவெளி,
ஞாயிற்றுக்கிழமைக்கு
பாலைவனத்தில் எடுத்ததாய் ஏதாவது.

பெட்ரோ கடைசியாய்ச் சொன்னது,
கால்வாய்ப் படகில் வாழும் ஒரு கணக்குத் தணிக்கைக்காரி,
அவள் திறக்கும் ஒவ்வொரு மதகடியிலும் ஒரு பொய்.
ஐந்து பாகம் ஆகியிருந்தது.
செவ்வாயன்று அவர் நாற்காலியில்
காதில் ஹெட்போனோடு ஒரு பையன்.
மரிபெல் சொல்லக் கூடாது.
புருவத்தை மட்டும் மேலே தூக்கினாள்,
நல்ல செய்திக்குரிய உயரம்.
ராத்திரி போன் வந்திருக்கிறது,
யாரோ ஒருவரின் சிறுநீரகம்.
கொலைகாரன் யாரென்று சொல்லாமலே போய்விட்டார்.

ஆறாம் பாகத்தை நாங்கள் தொடவில்லை.
காரணம் கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது.

ஏழு வாரம் கழித்து வார்டுக்கு ஓர் அட்டை,
கோணல் எழுத்தில்:
"ஆறாவதைப் பாருங்கள், கழுதைகளே.
பதினொரு கெட்டில்.
கூடவே நானும் குடித்தேன்."

சக்கர மேசையை நடுவில் இழுத்துவைத்து
ஆளுக்கொரு ஐஸ் கட்டியை நாக்கடியில் ஒதுக்கி
பார்த்தோம்.
ஊசி குத்தாத கையில் டோரீன்
விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

"ஒன்பதுதான்" என்றாள்.
"கிழவன் பொய் சொல்கிறான்."

"மீதி இரண்டு
அவர் வீட்டில்" என்றேன்.